பிறவா வேலைகள்: தன்னியக்கமாக்கலும் திருகோணமலைத் துறைமுகமும்

இயந்திரம் மனிதனின் வேலையைப் பறிக்குமா, பறிக்காதா என்னும் வினா நமது பாடசாலைப் பட்டிமன்ற மேடைகளில் நெடுங்காலமாக ஒலித்து வருவதொன்று. ஓரணி சாபம் என்னும். மற்றையது வரம் என்னும். நடுவர் இரண்டுக்கும் இடைப்பட்ட தீர்ப்பொன்றை வழங்கிப் பொன்னாடையுடன் இறங்குவார். செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சு மிகுந்த அண்மைக்காலத்தில் அவ்வினா பட்டிமன்றத்திலிருந்து ஆய்வரங்குகளுக்கு இடம்பெயர்ந்துள்ளது. எனினும் அதன் வடிவம் மாறவில்லை. இருக்கின்ற வேலைகளுள் எத்தனை போகும் என்பதே இன்றும் கேட்கப்படுகிறது. இவ்வினா எங்கே பிறந்தது, திருகோணமலை போன்றதொரு துறைமுகப் பிரதேசத்தில் நின்று அதனைக் கேட்குமிடத்து அது எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவுக்கு எண்ணால் விடை கூறியவர்களுள் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரே, ஒஸ்போர்ண் ஆகிய இருவரும் பெரிதும் எடுத்தாளப்படுபவர்கள். 2013ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வு 702 தொழில்வகைகளை எடுத்துக்கொண்டு, ஐக்கிய அமெரிக்காவின் வேலைகளுள் 47 வீதமானவை கணனிமயமாகும் பேராபத்தில் உள்ளன என்றது. மிக எளிதிற் கைமாறத்தக்க தொழில்களுள் சரக்கு முகவரும் தரவு பதிவோரும் இருந்தனர் என்பது துறைமுக ஊரொன்றில் வாழ்வோர் கவனிக்க வேண்டியது. மூன்றாண்டுகளின் பின்னர், பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பின் சார்பில் வெளிவந்த ஆய்வொன்று, தொழிலை முழுதாக நோக்காது தொழிலினுள் அடங்கிய செயல்களைப் பிரித்து நோக்கி, அவ்வெண்ணை 9 வீதமாகக் குறைத்தது. அதே 2016இல் உலக வங்கியின் அறிக்கை, வளர்முக நாடுகளின் வேலைகளுள் மூன்றில் இரண்டு பங்கு தொழினுட்ப நோக்கில் தன்னியக்கமாக்கத்தக்கவை என்றும், ஆயினும் அந்நாடுகளிற் கூலி குறைவாகவும் தொழினுட்பம் பரவுதல் மெதுவாகவும் இருப்பதால் இம்மாற்றம் தாமதமாகும் என்றும் கூறிற்று.

ஒன்பதா, நாற்பத்தேழா, அறுபத்தேழா என்ற வாதத்தில் நாம் இறங்க வேண்டியதில்லை. மூன்று ஆய்வுகளுக்கும் பொதுவான தொடக்கப் புள்ளியே இங்கு நமது அக்கறைக்குரியது. ஏற்கெனவே உள்ள வேலைகளின் பட்டியலொன்றை வைத்துக்கொண்டு அதிலிருந்து கழித்தலைச் செய்வனவே இம்மூன்றும். பட்டியல் நீளமாயுள்ள நாட்டுக்கு இக்கணக்குப் பொருத்தமானதே. பட்டியலே உருவாகாத ஓர் ஊருக்கு எதிலிருந்து எதைக் கழிப்பது?

இவ்வினா இயல்பாகப் பொருந்தும் களங்களில் ஒன்று மேற்குலகின் துறைமுகங்களாகும். 1956 ஏப்ரல் 26ஆம் நாள் ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்குப் புறப்பட்டது. மூட்டையாகவும் பெட்டியாகவும் மனிதத் தோளில் ஏறிய சரக்கை இரும்புப் பெட்டிக்குள் அடைத்துப் பாரந்தூக்கியால் எடுத்துவைத்தபோது, தொன் ஒன்றை ஏற்றும் செலவு 5 டொலர் 86 சதத்திலிருந்து ஏறத்தாழ 16 சதத்துக்கு இறங்கியது. துறைமுகத் தொழிலாளர் இதனைக் கைகட்டிப் பார்த்திருக்கவில்லை. அமெரிக்க மேற்குக்கரைத் தொழிலாளர், ஹரி பிரிட்ஜஸ் என்பாரின் தலைமையில், 1960இல் முதலாளிமாருடன் உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டனர். இயந்திரம் வரலாம், ஆனாற் பதிவுபெற்ற தொழிலாளி எவனும் வீட்டுக்கு அனுப்பப்படலாகாது, இயந்திரத்தால் வரும் ஆதாயத்தில் ஆண்டொன்றுக்கு 50 இலட்சம் டொலர் தொழிலாளர் நிதிக்குச் செல்லவேண்டும் என்பது அதன் சாரம். இங்கு ‘பதிவுபெற்ற’ என்னும் சொல்லே உயிரானது. பதிவேட்டிற் பெயர் முழுமையாக இடம்பெற்றவருக்கே அப்பாதுகாப்புக் கிடைத்தது; நாட்கூலிக்கு வந்துபோனோர் அதன் விளிம்பில் நின்றனர்.

கொழும்புத் துறைமுகத்தையும் இவ்வகையில் நோக்கலாம். அங்கு 1979இல் துறைமுக அதிகாரசபை அமைக்கப்பட்டபோது, அதில் ஒன்றிணைக்கப்பட்ட நிறுவனங்களுள் ஒன்று சரக்கைக் கணக்கெடுத்தலும் பாதுகாத்தலுமே பணியாகக் கொண்ட அரச கூட்டுத்தாபனமாகும். மூட்டையை எண்ணுவதற்கென்றே ஒரு கூட்டுத்தாபனம் இருந்தது என்பது இன்றைய மாணவருக்கு வியப்பாயிருக்கலாம். கொள்கலன் வந்ததும் எண்ணுதற்கு மூட்டை இல்லாமற் போயிற்று. இன்று உலகின் பல துறைமுகங்களிற் பெட்டியின் இலக்கத்தை வாயிலில் நிற்கும் ஒளிப்படக் கருவியே வாசித்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய கொழும்பு மேற்குச் சர்வதேச முனையம், கொழும்பின் முழுமையாகத் தன்னியக்கமான முதல் ஆழ்நீர் முனையம் என அதனை நடத்துவோரால் அறிவிக்கப்பட்டது. எவ்வாறாயினும், கொழும்பில் இழப்பதற்கு வேலையும், பேசுவதற்குத் தொழிற்சங்கமும், பெயர் எழுதிய பதிவேடும் இருந்தன.

திருகோணமலையின் கதை வேறு. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று நமது புவியியற் பாடநூல்கள் இதனைப் போற்றும். அப்புகழ் ஆழத்துக்கும் பாதுகாப்புக்கும் உரியது, வேலைவாய்ப்புக்கு உரியதன்று. பிரித்தானியர் காலத்தில் இத்துறைமுகத்தின் பெரிய வேலைகொள்வோராக விளங்கியது கடற்படைத் தளமே. ஊரவர் இன்றும் ‘டொக்யாட்’ என்றே அதனை அழைப்பர். எனது பூட்டனார் அங்கு தச்சராக இருந்தவர். மாதச் சம்பளம், சீட்டு, சங்கு ஊதும் நேரம் என்பன பற்றிய கதைகள் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைகளைக் கடந்து வந்துள்ளன. 1957 அக்டோபரில் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசியல் நோக்கில் அது நியாயமானதொரு நிகழ்வு, அதனைக் குறைகூறுதற்கில்லை. ஆயினும் அதனுடன் தளத்தை நம்பியிருந்தோர் பலரின் சம்பளமும் போயிற்று. அவ்வேலையை எந்த இயந்திரமும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை இங்குக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஊரின் தொழிலாளர் படை இயந்திரத்தைக் காணுமுன்னரே கலைந்துவிட்டது.

அதன்பின்னரே இயந்திரம் வந்தது. 1977ஆம் ஆண்டின் உடன்படிக்கையின்படி சிங்கப்பூரைச் சேர்ந்த பிறீமா நிறுவனம் சீனன்குடாவில் அமைத்த கோதுமை மா ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. ஒரே இடத்தில் அமைந்த மா ஆலைகளுள் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. அதுவரை இந்நாட்டு மக்கள் உண்ட பாணுக்குரிய மாவிற் பெரும்பகுதி மூட்டைகளாகவே கப்பலில் வந்தது. மூட்டை என்றால் கொழுக்கி, கயிற்றுவலை, நிலவறையில் ஒரு குழு, மேற்றளத்தில் ஒரு குழு, கரையில் ஒரு குழு, அவர்களுக்கு மேல் ஒரு கங்காணி, பக்கத்தில் ஒரு கணக்கர், களஞ்சிய வாசலில் நாட்டாமைமார், அவர்களுக்குத் தேநீர் விற்கும் ஒரு கடை. ஆலை வந்தபின் தானியம் மூட்டையில் வருவதில்லை. கப்பலின் வயிற்றில் மணலாகக் குவிந்து வருகிறது. குழாயை உள்ளே இறக்கிக் காற்றால் உறிஞ்சி எடுக்கின்றனர். அங்கிருந்து பட்டையில் ஓடி உயர்ந்த சேமிப்புக் கோபுரங்களை அடைகிறது. பின் உருளைகளுக்கிடையில் அரைபட்டு, சல்லடைகளில் அலைந்து, ஈற்றிலேயே பையைக் காண்கிறது. கோதுமை கப்பலை விட்டு நீங்கியது முதல் மாவாகிப் பைக்குள் விழும்வரை மனிதக் கை அதனைச் சுமக்கவேண்டிய தேவை இல்லை.

இஃது எவரோ திருகோணமலைக்கென்று செய்த சூழ்ச்சியன்று. மா அரைத்தலே உலகில் முதன்முதலிற் தன்னியக்கமான தொழில்களுள் ஒன்றாகும். 1780களில் அமெரிக்காவின் டெலவெயார்ப் பகுதியில் ஒலிவர் எவன்ஸ் என்பவர் வாளிப்பட்டைகளையும் திருகாணிக் கடத்திகளையும் இணைத்து, தானியம் ஒரு முனையிற் புகுந்து மாவாக மறுமுனையில் வெளிவரும் ஆலையொன்றை அமைத்தார். நீராவி இயந்திரம் தொழிற்சாலைகளிற் பரவுமுன்னரே அது நடந்தது. ஆகவே சீனன்குடா ஆலை கணனியுகத்தின் புதுமை அன்று. இரண்டு நூற்றாண்டு வயதுடைய ஒரு கருத்தின் முதிர்ந்த வடிவம். தன்னியக்கம் இனிமேல்தான் வரப்போகிறது என்று நாம் கருத்தரங்கு வைக்கும்போது, அது எங்கள் குடாவின் கரையில் நாற்பத்தைந்து ஆண்டுகளாகத் தானியத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

இவ்விடத்து உலக வங்கியின் கருத்தொன்று மறுபரிசீலனைக்குரியதாகிறது. கூலி குறைந்த நாட்டில் இயந்திரம் தாமதித்தே வரும் என்பது அதன் எதிர்பார்ப்பு. 1980இற் திருகோணமலையிற் கூலி மிகக் குறைவு. வேலை தேடி நின்றோரோ பலர். அவ்வாறிருந்தும் அக்காலத்தின் முன்னேறிய இயந்திரத் தொகுதி அங்கு வந்திறங்கியது. காரணம் யாதெனில், ஆலை கட்டியவர் ‘உள்ளூர்த் தொழிலாளியா, இயந்திரமா’ என்று ஒவ்வொரு படியிலும் நிறுத்துப் பார்த்துத் தெரியவில்லை. ஆலை முழுமையான ஓர் அலகாக, வெளிநாட்டு மூலதனத்துடன், வெளிநாட்டில் வரையப்பட்ட படத்தின்படி வந்தது. உள்ளூர்க் கூலி அப்படத்தின் எந்தக் கோட்டையும் மாற்றும் வலிமை உடையதாயிருக்கவில்லை. தொழினுட்பம் நாட்டினுள் மெல்ல மெல்லப் பரவும் என்று கருதுவோர், அது கப்பலேறி ஒரே நாளில் வந்திறங்கவும் கூடும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

நேர்மையாக நோக்குமிடத்து ஓர் எதிர்வாதத்தையும் இங்கு ஏற்க வேண்டும். ஆலையிலிருந்து புகையிரதத்திலும் லொறியிலும் செல்லும் மா நாடெங்கும் பேக்கரிகளையும் கடைகளையும் ஓட்டுகிறது. அவற்றில் வேலை செய்வோர் எத்தனையோ பேர். ஆலையினுள்ளும் பொறிவல்லுநர் முதல் பை அடுக்குவோர் வரை பலர் உழைக்கின்றனர். ஆகவே வேலை அழிந்தது என்று கூறுவது பிழை. வேலை பரவியது, பரவும்போது இடம் மாறியது. மூட்டைக் காலமாயின் துறையடியிற் குவிந்திருக்கக்கூடிய உழைப்பு, குழாய்க் காலத்தில் நுகர்வோர் வாழும் நகரங்களை நோக்கிச் சென்றது. நாட்டின் கணக்கில் இது இலாபமாயிருக்கலாம். துறைமுக ஊரின் கணக்கில் அது வேறொன்று. துறைமுகம் ஓர் இடமாயிருந்த நிலை மாறி, பொருள் கடந்துசெல்லும் ஒரு வழியாகிவிடுகிறது.

ஏனைய தொழில்களையும் சுருக்கமாக நோக்கலாம். 1980களில் அதே குடாப் பகுதியில் எழுந்த டோக்கியோ சீமெந்து ஆலை இறக்குமதிக் கிளிங்கரைக் கப்பலிலிருந்து இறக்கி அரைப்பது. சீனன்குடாக் காட்டினுள் நிற்கும் 99 எண்ணெய்க் குதங்கள், ஒவ்வொன்றும் பல்லாயிரந் தொன் கொள்ளத்தக்கவை. அவற்றைக் கட்டுவதற்கு மனிதர் வேண்டியிருந்தனர், நிரப்புவதற்கும் வடிப்பதற்கும் குழாயும் பம்பியுமே போதும். இத்துறைமுகத்தைச் சூழ எழுந்த தொழில்களை எழுதிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் பொது அடையாளமாக நிற்பது குழாயே. இவற்றுக்கு மேலாக 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தம் வேறு. சிறு தொழில்கள் முளைவிடவேண்டிய கால்நூற்றாண்டு அதனுள் அடங்கியது. அந்த இழப்பையும் இயந்திரத்தின் கணக்கில் எழுதுதல் பொருந்தாது. ஆயின் இயந்திரத்தால் இழந்ததையும் யுத்தத்தால் இழந்ததையும் வேறுபடுத்திக் காட்டுதற்குரிய புள்ளிவிபரம் எதனையும் பட்டியல்வழிக் கணக்கு தரமாட்டாது என்பதே எமது முறைப்பாடு. தொழிலாளி வேலையிழந்தால் அவனுக்குப் பெயர் உண்டு, சங்கம் உண்டு, நட்டஈடு கேட்கலாம். பிறவாத வேலைக்கு யார் நட்டஈடு கேட்பது?

இவ்வாறு எழுதுவதால் இக்கட்டுரையாளன் மூட்டை சுமத்தலுக்குப் பரணி பாடுகிறான் என்று கொள்ளலாகாது. நூறு இறாத்தல் மூட்டையைத் தோளில் ஏற்றி நாளெல்லாம் பலகை ஏறியவனின் முதுகெலும்பு அவனது நாற்பதாவது வயதில் என்னவாயிற்று என்பதை அறிந்தவர் எவரும் அவ்வாறு பாடமாட்டார். கிண்ணியாத் துறையடியை எடுத்துக்கொள்வோம். அங்கு ‘பாதை’ ஓடிய காலத்தில் நோயாளியும், பிரசவப் பெண்ணும், பரீட்சைக்குச் செல்லும் மாணவனும் துறையடியிற் காத்து நின்றனர். 2009 அக்டோபரிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும் பாதை ஓய்ந்தது. பாதையைச் செலுத்தியவரின் வேலையும், துறையடிக் கடைகளின் வியாபாரமும் அதனுடன் ஓய்ந்தன. இருந்தும் பாலத்தைச் சபித்த ஒருவரை நான் கண்டதில்லை. பாலம் உழைப்பைக் குறைத்தது. குறைந்த உழைப்பின் பயனை அதன்மேல் நடந்தவர் எல்லோரும் அன்றே பெற்றனர். குழாயின் பயன் அவ்வாறு அருகில் நிற்பவனுக்கு வந்து சேர்வதில்லை. இயந்திரத்தின் தன்மையில் அல்ல, அதன் பயன் எவர் கைக்குச் செல்கிறது என்பதிலேயே வேறுபாடு தங்கியுள்ளது.

இவ்வுண்மையை நமது பிரதேசத்து இலக்கியம் பொருளியலாளருக்கு முன்னரே தொட்டுள்ளது. மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ என்னும் சிறுகதையும், அப்பெயரில் 1962இல் வெளிவந்த தொகுதியும் ஈழத்து வாசகர் நன்கறிந்தவை. சொந்தமாய் ஒரு தோணி வேண்டும் என்னும் ஏக்கமே அக்கதையின் அச்சு. விமர்சகர் பலர் அதனை மண்வாசனைக்கும் கடற்புற வருணனைக்கும் உதாரணமாகக் காட்டுவர். அது தவறன்று, ஆனாற் போதாது. கடல் எல்லோருக்கும் பொதுவாயிருக்க, கடலுக்குச் செல்லும் கருவி சிலருக்கே உரியதாயிருப்பது அக்கதையின் உட்பொருள். தோணி சிறு கருவி. அதற்கே ஒருவன் வாழ்நாள் முழுவதும் ஏங்கவேண்டியிருந்தது. சேமிப்புக் கோபுரத்துக்கும் உறிஞ்சு குழாய்க்கும் யார் ஏங்குவது? ஏங்கும் எல்லைக்கும் அப்பாற்பட்டதாகக் கருவி வளர்ந்துவிட்டமையாற்போலும், அதைப் பற்றி நம்மிடம் இன்னும் சொல்லத்தக்க கதை ஒன்று எழவில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குதற்கில்லை. 2022 சனவரியிற் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி குதங்களுள் 61, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 51 வீதமும் லங்கா ஐ.ஓ.சி. 49 வீதமும் பங்குகொண்ட கூட்டு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை ஆகிய மூன்றும் திருகோணமலையைச் சக்தி மையமாக்குதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டன. சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரியமின் நிலையத்துக்கான தொடக்க நிகழ்வும் அப்போதே நடைபெற்றது. எண்ணெய், குழாய்வழி, சூரியத் தகடு ஆகிய இவை நாட்டுக்கு வேண்டியவை என்பதில் ஐயமில்லை. சம்பூருக்கு முன்னர் திட்டமிடப்பட்டு 2016இற் கைவிடப்பட்ட நிலக்கரி மின்னிலையத்தைவிடச் சூரியத் தகடு நல்லது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் மூன்றும் கட்டும்போது மனிதரை அழைத்து, கட்டி முடிந்ததும் அனுப்பிவிடும் இயல்புடையவை. சூரியத் தகட்டைத் துடைப்பதற்கும் கருவி வந்துவிட்டது. பிரதேசத்து இளைஞர்க்கு வேலை என்னும் வாக்கியம் மேடைகளில் வருகிறது. எத்தனை பேருக்கு, எவ்வகை வேலை, எத்தனை ஆண்டுகளுக்கு, கட்டுமான காலத்திலா இயங்கும் காலத்திலா என்னும் நான்கு வினாக்களையும் சேர்த்துக் கேட்போர் அரிது.

அருகிலுள்ள கேரளக் கரையிலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். 2025 மே மாதம் முறையாகத் திறந்துவைக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தில் கொள்கலன் முற்றத்துப் பாரந்தூக்கிகள் பெருமளவு தன்னியக்கமாக இயங்குகின்றன. அவற்றைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்குவோருள் அக்கரையின் மீனவ சமூகத்தைச் சேர்ந்த பெண்கள் உள்ளனர். எண்ணிக்கையில் அவர்கள் மிகச் சிலரே; அத்துறைமுகத்தை எதிர்த்து அதே மீனவ மக்கள் 2022இல் நடத்திய நீண்ட போராட்டத்தை மறந்து இதனைக் கொண்டாடுதலும் முறையன்று. எனினும் பாரந்தூக்கியைத் தொடாமலே இயக்கும் தொழில் கரையோரக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பயிற்றுவிக்க முடியாத வித்தை அன்று என்பதை அது நிறுவியது. நமது மாவட்டத்தில் நிலாவெளி வீதியிற் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் உள்ளது. அங்குக் கணனி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. சீனன்குடாவோ அங்கிருந்து சில மைல் தூரமே. குதங்கள் புதுப்பிக்கப்படும்போது அவற்றின் அளவுமானிகளையும் வால்வுகளையும் கண்காணிக்கும் திரைக்கு முன்னால் அமரப்போகிறவர் யார் என்பது இன்றே, கையொப்பத்துக்கு முன்னரே, எழுத்திற் கேட்கப்படவேண்டிய வினா. 1960இல் அமெரிக்கத் தொழிலாளர் இருக்கின்ற வேலைக்குப் பேரம் பேசினர். நாம் பேரம்பேச வேண்டியது இன்னும் பிறவாத வேலைக்கு. அது கடினமானது, பேசுதற்குச் சங்கம் இல்லை, பெயர்ப் பதிவேடும் இல்லை.

கலைப்பீட மாணவராகிய நமக்கும் இதற்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். 2017ஆம் ஆண்டில் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் ஏனைய வடகிழக்கு நகரங்களிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் அமர்ந்திருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் நம்மைப் போன்று கலை கற்றவர்கள். அவர்கள் கேட்டது அரச நியமனம். அது சோம்பலின் கோரிக்கை என்று பத்திரிகைகளில் எழுதியோர் உளர். துறைமுகம் உண்டு, ஆலை உண்டு, குதம் உண்டு, ஆனாற் பெயர் எழுதப்படும் பதிவேடு கச்சேரியில் மாத்திரமே உண்டு என்னும் நிலையில் வளர்ந்தவர்கள் வேறெதனைக் கேட்டிருக்க முடியும் என்பதை அவ்வெழுத்தாளர் கூறவில்லை. அந்தப் பதிவேட்டின் உத்தியோகங்களும் இன்று அசையத் தொடங்கியுள்ளன. கடிதம் வரைதல், மொழிபெயர்த்தல், கோவைகளைச் சுருக்கி எழுதுதல் ஆகிய லிகிதர் பணிகளைக் கணனி ஓரளவு செய்கிறது. தமிழிலும் செய்கிறது, பிழைகளுடன். யாரும் எந்த லிகிதரையும் நீக்கப்போவதில்லை. ஓய்வுபெற்றுச் செல்பவரின் கதிரை மட்டும் நிரப்பப்படாதிருக்கும். அதற்கு வர்த்தமானி அறிவித்தல் எதுவும் வராது.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இரவுப் புகையிரதம் விடியற்காலையிற் சீனன்குடா நிலையத்தைக் கடக்கும். ஆலையின் விளக்குகள் அப்போதும் எரிந்துகொண்டிருக்கும். சென்ற முறை பெட்டியில் என்னருகில் இருந்த முதியவர் ஒருவர், தம் பேரன் கட்டாரில் ஏதோவொரு துறைமுகத்திற் பாரந்தூக்கி ஓட்டுகிறான் என்றார். இங்கே ஏன் ஓட்டவில்லை என்று கேட்டேன். “இங்கே எங்கை தம்பி, ஓட்டுறதுக்கு?” என்றார்.